குழம்புக்கு எடுத்த ஒரு கை இறால்

மூன்று நாளாக ஒரே வேலை. சென்னை ஆபீசில் இருக்கும் திட்டமிடல் சாஃப்ட்வேரையும் எங்கள் பழவேற்காடு இறால் குடோன் சாஃப்ட்வேரையும் இணைக்கிறேன். முறைத்துக்கொண்ட சம்பந்திகளைக்கூடச் சுலபமாகச் சேர்த்து வைத்துவிடலாம்.

இன்று காலை ஒருவழியாக இரண்டும் பேசின. பேசியதுமே சண்டை.

வாங்கிய இறாலைவிடக் குடோனில் இரண்டு கிலோ குறைகிறதாம். காரணம் சொல்லாவிட்டால் லாரி கிளம்பச் சீட்டு வராது. லாரியிலோ ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

எடை போடும் அஞ்சலையிடம் கேட்டேன்.

"இன்னா சார் புதுசா கேக்குற? ஏரில இறங்கி கையால தடவிப் புடிச்சுனு வந்தவளுக்கு, எடை போட்டதும் குழம்புக்குன்னு ஒரு கை திருப்பிக் குடுக்கணும்ல? நேத்து நீயும்தான் ஒரு பை தூக்கினு போனே."

அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

சாஃப்ட்வேரின் காரணப் பட்டியலில் திருட்டு, அழுகல், எலி மூன்றும்தான் இருந்தன. நான்காவதாகக் 'குழம்பு' என்று சேர்த்தேன். சீட்டு வந்தது, லாரி போய்விட்டது.

சாயந்திரம் சென்னையிலிருந்து நாளைய திட்டம் தானாகவே வந்து விழுந்தது.

"குழம்பு: தினசரித் தேவை இரண்டு கிலோ. கையிருப்பு இல்லை. உடனே கொள்முதல் செய்யவும்."

அஞ்சலையிடம் அடுப்பை மூட்டச் சொல்லிவிட்டேன். குழம்பை எந்த ரேக்கில் வைப்பது என்று குடோன் சாஃப்ட்வேர் கேட்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.