எந்த ஆற்றுப் பவுண்?

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படித்தது மூன்றாம் வகுப்பு. என்றாலும் ஒருவரிடமும் புத்தி கேட்டு நடந்தவள் அல்ல. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பேரனுக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. பொன்னுருக்குச் சடங்கு மாப்பிள்ளை வீட்டில்தானே, அதாவது இந்தக் குளிர் நாட்டில் ரூஜ் என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டில். தாலிக்கு உருக்கப் புதுப் பவுண்தான் வாங்க வேண்டும் என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்தக் கிழமை டிவியில் எங்கோ பெருங்காட்டில் இருக்கும் யனோமாமி என்ற சனத்தைக் காட்டினார்கள். பேத்தி பக்கத்திலிருந்து தமிழில் சொன்னாள். அவர்களின் காட்டுக்குள் களவாகப் புகுந்தவர்கள் பொன்னுக்காக ஆற்றைக் கிண்டிச் சேறாக்குகிறார்களாம். பொன் துகளைத் திரட்டப் பாதரசம் விடுகிறார்களாம். அது மீனுக்குள் போய், மீன் தின்ற பிள்ளைக்குள் போகிறது. வந்தவர்களோடு மலேரியாவும் வந்துவிட்டது. விலா எலும்பு தெரிய ஒரு குழந்தை ஏணையில் கிடந்தது. ஐந்து வளர்த்தவளுக்கு அந்தக் கிடை விளங்கும்.

மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"உதுகள் உடுப்பில்லாத காட்டுச் சனம், மாமி. மாத்துங்கோ."

உடுப்பு! அவளுடைய அலுமாரியில் உடுப்பு வைக்க இடமில்லை. தலைக்குள் தாராளமாக இடம் இருக்கிறது.

சனிக்கிழமை எல்லோருமாக வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு தமிழ் நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரனிடம், இந்தப் பவுண் எந்த ஆற்றில் எடுத்தது தம்பி என்று கேட்டேன்.

"துபாயில இருந்து வாறது, அன்ரி" என்றான் பெருமையாக.

துபாயில் எந்த ஆறு ஓடுகிறதாம்? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது.

கையிலிருந்த இரண்டு காப்பையும் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன்.

"இதை உருக்குங்கோ. இல்லாட்டில் பொன்னுருக்கண்டு நான் அறையை விட்டு வரமாட்டன்."

மகன் வழக்கம்போல் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பழசை உருக்கினால் சனம் என்ன சொல்லும் என்றாள் அவள். அதோடு விட்டாளா, அதுவும் ஒரு விதவையின் காப்பு என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாள். பேரன்தான் காப்பை எடுத்துத் தன் பொக்கற்றுக்குள் போட்டான்.

"இட்ஸ் மை வெடிங், அம்மா. அப்பம்மாவின்ர காப்புத்தான்."

பொன்னுருக்கன்று முன்வரிசையில் நின்றேன். விதவை பின்னுக்கு நிற்க வேண்டும் என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. கேட்காததுபோல் நின்றேன். என் காப்புத் தாலியானது. ஆனால் மருமகள் சும்மா இருப்பாளா? அதே கடையில் மாடு கட்டும் கயிற்றுத் தடிப்பில் ஒரு தாலிக்கொடி வாங்கிவிட்டாள். கலியாண மண்டபத்தில் பெண்டுகள் கொடியைத்தான் கையில் தூக்கிப் பார்த்து நிறை சொன்னார்கள். தாலியை ஒருத்தியும் பார்க்கவில்லை.

என் இரண்டு காப்பால் அந்த ஆறு தெளியாது. அது தெரியாத மொக்கு அல்ல நான். மிச்ச ஆற்றையும் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். காட்டுச் சனமாம்.

பிள்ளை, எழுதினதை ஒருக்கால் வாசி. சத்தமாய் வாசி, குசினியில சமைக்கிறவளுக்கும் கேக்கட்டும்.