சபையில் சொன்ன பெயர்

என் அண்ணன் குழந்தைசாமி 1937-இல் சென்னைச் சட்டசபைக்கு மெம்பராகப் போனார். அதற்கு முன் சேந்தமங்கலத்தில் மிளகு மண்டி வைத்திருந்தார். தாலுகா போர்டில் இருந்தபோது இரண்டு பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். அவர் செய்த நல்லதைச் சொல்ல ஆட்கள் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு.

கொல்லிமலைக்காரர்கள் மிளகைத் தலைச்சுமையாகக் கொண்டு சந்தைக்கு இறங்குவார்கள். அடிவாரத்தில் ஒரு காட்டிலாகா கார்டு சுமையை இறக்கச் சொல்லி, ஆளுக்கு இரண்டு படி அள்ளிக்கொண்டுதான் வழி விடுவான். மண்டிக்கு வந்த எல்லோரும் இதை அண்ணனிடம் சொன்னார்கள்.

"எங்க பேரு மட்டும் சொல்ல வேண்டாமுங்க. நாங்க அந்த வழியாத்தான் ஏறி எறங்கோணும்" என்றார்கள். அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

அப்படி மிளகு சுமந்து வருகிறவர்களில் ஒருத்தி அத்தாயி. சந்தை முடிந்ததும் எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் சொல்வாள். நான் அதிகம் பேசாதவள் என்பதால் அவளுக்கு என்னைப் பிடிக்கும். "உங்கிட்டச் சொன்னா கெணத்துல கல்லைப் போட்ட மாதிரி, அம்மிணி" என்பாள்.

அண்ணன் சபையில் கேள்வி கேட்டார். பொதுவாகச் சொன்னால் போதாது, யாரிடம் எடுத்தது என்று சொன்னால் விசாரிக்கலாம் என்று பதில் வந்தது. பக்கத்து மெம்பர்கள் சிரித்தார்களாம். அன்றைக்கே எனக்குக் கடிதம் எழுதினார்: "உனக்கு யாரையாவது தெரியுமா?"

நான்காம் வகுப்போடு நின்றவள் நான். சட்டசபை மெம்பர் என்னைக் கேட்டு எழுதுகிறார் என்பதே பெருமையாக இருந்தது. அத்தாயியின் பெயர், ஊர், அவளுடைய ராகிக்காடு இருக்கும் இடம் எல்லாம் எழுதி அனுப்பினேன். அவளைக் கேட்கவில்லை. அண்ணனும் கொடுத்த வாக்கை விட்டுவிட்டு, சபையில் எழுந்து அதைப் படித்தார்.

விசாரிக்க வந்த அதிகாரி அந்தக் கார்டையே வழிகாட்டக் கூட்டிக்கொண்டு மலையேறினார். அவனை எதிரில் வைத்துக்கொண்டு அவள் என்ன சொல்வாள்? "ஆரும் எடுக்கலீங்க" என்றாள். பத்து நாளில் அவளுடைய ராகிக்காட்டின் நடுவே எல்லைக்கல் நட்டார்கள். கதிர் முற்றி நின்ற பாதி, காப்புக்காட்டுக்குள் போய்விட்டது. அரிவாளோடு அங்கே கால் வைத்தால் கேஸ்.

சேதி கேட்டு அண்ணன் வந்தார். இருவரும் மலையேறினோம். கல்லுக்கு இந்தப் பக்கம் அத்தாயி கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க மெம்பரே, அத்தனை ஆம்பளைக உக்காந்திருக்கிற எடத்துல எம்பேரைச் சொன்னீங்களாமா? எம்புருசனே எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லீங்க."

கூட அறுத்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன், அத்தாயி. கல்லைப் புடுங்கச் சொல்லி மேல எழுதறேன்."

"எழுதாதீங்க சாமி. இன்னும் பாதிக் காடு மிச்சமிருக்குது."

பிறகு கேட்டாள்: "எம்பேரை ஆருங்க உங்களுக்குச் சொன்னது?"

"மண்டியில நானே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இறங்கும்போது, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ ஊட்டுக்குள்ள இருந்து எழுதுனே, கண்ணு. எந்திரிச்சுப் படிச்சது நானு."

அதற்குப் பிறகு சபையில் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மந்திரிகள் ராஜினாமா செய்த 1939 வரை போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். மலையில் அவருக்கு 'ஓட்டைவாய் மெம்பர்' என்று பெயர் வந்தது. 1946-இல் மறுபடி நிற்கச் சொல்லி ஆட்கள் வந்தபோது, "வேண்டாமுங்க, வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

போன சந்தையன்று அத்தாயி வந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள், மோர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"உங்கண்ணனுக்கு நரம்பில்லாத நாக்கு. நீயாச்சும் வாயை மூடி வெச்சிருக்கியே, அம்மிணி" என்றாள்.

அண்ணன் அடுத்த அறையில்தான் இருந்தார்.

"ஆமாங்க்கா" என்றேன்.