பலகைக் குருவி

எங்கள் அத்தைக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். மாதா கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதுகூட அத்தை வாயை மட்டும்தான் அசைப்பாள். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் அது தெரியும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள். அங்கே மற்றப் பெண்களெல்லாம் பூத்தையல் கற்றுக்கொண்டு வர, இவள் மட்டும் பலகையில் படம் அறுக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். லாடம் போல வளைந்த இரும்புச் சட்டம், அதன் இரண்டு முனைக்கும் நடுவே முறுக்கிக் கட்டிய நூல் மாதிரியான பிளேடு. இதுதான் அவளுடைய ரம்பம். மளிகைக்கடைக்குத் தேயிலை வரும் பெட்டிகளின் மெல்லிய பிளைவுட்டைக் காரிமங்கலத்திலிருந்து கேட்டு வாங்கி வந்து, அதில் பென்சிலால் படம் போடுவாள். சின்னதாக ஒரு துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி முறுக்கி அறுப்பாள். கொஞ்ச நேரத்தில் மடியில் ஒரு துண்டு விழும். விழுந்தது இலை இல்லை, இரண்டு இலைகளுக்கு நடுவே இருந்த இடம் என்று எனக்கு விளங்கவே ரொம்ப நாள் பிடித்தது.

வீட்டில் மாதா சுரூபம் இருந்த மாடத்தைச் சுற்றி மாட்ட ஒரு வளைவு செய்திருந்தாள். திராட்சைக் கொடி, கொடிக்குள் குருவிகள். மெழுகுவத்தி ஏற்றினால் கொடியின் நிழல் மாடத்துக்குள் ஆடும். கிறிஸ்மஸுக்காக அவசரமாக மாட்டியதில் மூலையில் ஒரு குருவி மட்டும் பென்சில் கோடாகவே நின்றுவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் அத்தையை மெச்சினார்கள். மெச்சிவிட்டு வெளியே போய், "பொண்ணு ஆசாரி வேல பாக்குதாமா" என்று சிரித்தார்கள். கடத்தூரிலிருந்து வந்த சம்பந்தம் ஒன்று, பெண்ணின் கை ஆம்பளைக் கை மாதிரி காய்ச்சுப் போயிருக்கிறது என்று தட்டிப் போனது. அத்தையோடு படித்தவர்களெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பூசைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

அதனால் கம்பைநல்லூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா உஷாரானாள். அத்தையின் உள்ளங்கைகளுக்குத் தினமும் தேங்காயெண்ணெய். ரம்பம் ராகி டிரம்முக்குள் போய் ஒளிந்தது. பக்கத்து வீட்டு அக்கா தைத்த இரண்டு கிளிகள், கண்ணாடிச் சட்டத்தோடு எங்கள் சுவரில் வந்து உட்கார்ந்தன. வளைவையும் கழற்றத்தான் அம்மா நினைத்தாள். சாமி இருக்கிற இடம் மொட்டையாகத் தெரியும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அப்பா விட்டுவிட்டார்.

எங்கள் சனங்கள் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுரூபத்தின் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். அப்பா அதை மறந்துபோனார். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் கிளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக வளைவின் முன்னால் போய் நின்றார்கள்.

"யாருங்க செஞ்சது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"சேலத்துல வாங்குனதுங்க" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

மாப்பிள்ளை மூலையில் விரலை வைத்தார். "இந்தக் குருவி இன்னும் அறுக்காம இருக்குதுங்களே. பென்சில் கோடு அப்படியே தெரியுது."

அப்பா எல்லோரையும் கேசரி சாப்பிடச் சொன்னார். அந்த நேரம் பார்த்து அத்தை காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு ஒரு மாதா பாட்டு பாடட்டுமே" என்றார். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அத்தை பாடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளை எல்லோரும் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. ஓடிப்போய் டிரம்மைத் திறந்து, ராகி கொட்டக் கொட்ட ரம்பத்தை எடுத்து வந்தேன்.

"எங்க அத்தைக்குப் பாட வராதுங்க. இதுதான் வரும்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். ஆனால் மாப்பிள்ளை சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. எழுந்து போய் வளைவைக் கொக்கியிலிருந்து அவரே கழற்றி வந்து, "அப்ப அந்தக் குருவிய அறுங்க, பாக்கலாம்" என்றார்.

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே அவர் எதிரில் உட்கார்ந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவள் திருப்பும் பக்கமெல்லாம் அவரும் திருப்பினார். காபி ஆறியது. கடைசியில் துண்டு விழுந்ததும் குருவியின் மேலிருந்த தூளை அவர் ஊதினார். அத்தை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு பெண் அப்படிப் பார்க்கக் கூடாது. ஆனால் அவள் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தாய்மாமன் மட்டும் வந்தார். "பையனுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. எங்கக்காளுக்கும் சம்மதந்தான். ஒண்ணே ஒண்ணு, அந்த ரம்ப வேலைய மட்டும் விட்டுப்போடணும். நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க பாருங்க."

"அதுக்கென்னங்க, விட்டுட்டாப் போச்சு" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை கேட்டாள்: "இத அவரு சொன்னாருங்களா?"

"அவன் எங்க சொன்னாம்மா? அக்காதான் சொல்லுச்சு. அவனும் அங்கதான் உக்காந்திருந்தான்."

"அவரு ஒண்ணுமே சொல்லலீங்களா?"

"ஆத்தா பேச்சுக்கு மேல அவன் என்னத்தச் சொல்லுவான்?"

"அப்ப வேண்டாங்க" என்றாள் அத்தை.

அப்பா கத்தினார், கெஞ்சினார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா அடுப்படியில் அழுதாள். வீட்டிலேயே சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான். அத்தை எங்கேயும் போகவில்லை, காலையில் எனக்கு அவளே தலை பின்னுவாள், அது போதும் எனக்கு. சாயந்திரம் அவள் புதுப் பலகை ஒன்றை எடுத்து அறுக்க உட்கார்ந்ததும் நானும் போய் ஒட்டிக்கொண்டேன். வழக்கமாக அவள் கையில் ஒரு பிளேடு வாரக்கணக்கில் உழைக்கும். அன்று ஏனோ அறுக்கத் தொடங்கியதுமே படக்கென்று ஒடிந்தது. மாற்றினாள், அதுவும் ஒடிந்தது. இருந்த பிளேடெல்லாம் இருட்டுவதற்குள் தீர்ந்துபோயின. அத்தை வெறும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கடைக்காரன் மட்டமான பிளேடா குடுத்துட்டான் அத்தை" என்றேன்.

"ஆமா கண்ணு" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அத்தைக்குப் பிளேடு விற்ற இரும்புக் கடையில் ஏறி, எங்கள் அத்தையை ஏமாற்றலாமா என்று நல்ல சண்டை போட்டேன். கடைக்காரர் ஒன்றும் விளங்காமல், என் வாய்க்குப் பயந்து ஒரு புதுப் பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இனிமேல் ஒடியாது என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன்.