முழங்காலளவுத் தண்ணீர்

ஷோபனா எங்கள் ஊருக்கு வரும் நர்ஸ். சொந்த ஊர் குத்தாலம். பத்தொன்பது வருடமாகத் திருவையாற்றைச் சுற்றியுள்ள கிராமங்களில் தடுப்பூசி போடுகிறார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குழந்தையைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெரியவர்கள் பெயர் அவருக்குப் பாதி நேரம் நினைவிருக்காது. என்னை ஒரு நாளும் வானதி என்று அழைத்ததில்லை. மகன் பெயரைச் சேர்த்து 'அரசு அம்மா' என்பார்.

அரசு போன பதினோராம் நாள் வந்தார். சின்னக் குழந்தை இறந்தால் எங்கே, எப்படி என்று கேட்டு எழுதுவதும் அவர் வேலைதான். கூப்பிடப் பெயரில்லாமல் வாசலில் சற்று நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

எங்கள் தமிழரசனுக்கு ஒரு வயது எட்டு மாதம். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த வாரம் அது. பிள்ளை அதில் விழுந்துவிட்டான், வாசல் கேட்டைத் திறந்துபோட்டது தாய்தான் என்று ஊர் பேசியது.

கேட் பூட்டித்தான் இருந்தது. வாய்க்காலுக்குப் பயந்து நானே பூட்டினேன். அரசு விழுந்தது கொல்லையில், விதைநெல் ஊறப்போட்ட தொட்டியில். முதல் மூட்டையைக் காலையில் எடுத்த என் கணவர் மதிவாணன், அடுத்த மூட்டைக்கு ஆகட்டும் என்று தண்ணீரைக் கொட்டாமல் வயலுக்குப் போயிருந்தார். முழங்காலளவுத் தண்ணீர். நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கியவரும் அவர்தான். தெருவில் ஓடும்போது யாரோ, "வாய்க்கால்லயா?" என்று கேட்க, தலையாட்டிவிட்டார். அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று பயந்தேன்.

ஷோபனா சாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"காலைல என்ன சாப்பிட்டான்?"

"இட்லி. சீனி தொட்டு."

"எத்தனை?"

"ஒண்ணு. இன்னொண்ணைக் காக்காய்க்குப் போட்டான்."

"போடுவான். ஊசி போட வந்த என் கையையே கடிச்சவனாச்சே."

சொல்லச் சொல்ல அந்தக் காலை மெல்லத் திரும்பி வந்தது. தென்னங்கீற்றின் நிழல் தரையில் அசைய, அதைப் பிடிக்க அவன் குனிகிறான். நிழல் நழுவுகிறது. சிரிக்கிறான். இன்னும் எதுவும் நடக்கவில்லை. அந்த இடத்திலேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

"அப்புறம் எங்க விளையாடப் போனான்?"

சுவரோரம் நின்றிருந்த மதிவாணன்தான், "வாய்க்கால்னு எழுதிடுங்க சிஸ்டர்" என்றார்.

"எழுதலாம் தம்பி." ஷோபனா பேனாவை மூடினார். "நான் எழுதின பிள்ளைங்கள்ல காய்ச்சல்ல போனது உண்டு, பால் புரையேறிப் போனது உண்டு, பாய்ல தூங்கினப்ப பாம்பு கடிச்சதும் உண்டு. தண்ணில போனதுல ஆத்துலயும் வாய்க்கால்லயும் ரெண்டே ரெண்டுதான். மிச்சமெல்லாம் வீட்டுக்குள்ளயே. பக்கெட்டு, தொட்டி. ஆனா கேட்டா எல்லாரும் ஆத்தைத்தான் கை காட்டுவாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "கேட்டை இவங்கதான் திறந்துபோட்டாங்கன்னு டீக்கடைல பேசிக்கிறாங்க. அதையும் எழுதிடவா?"

பதினோரு நாளில் முதன்முறையாக மதிவாணன் என் முகத்தைப் பார்த்தார்.

"கேட் பூட்டியிருந்துச்சு சிஸ்டர். தொட்டிதான். நான்தான் தண்ணியக் கொட்டல."

சொன்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷோபனா கொல்லைக்குப் போய், கவிழ்ந்து கிடந்த தொட்டியின் உயரத்தைத் தன் கையால் சாண் போட்டு அளந்து எழுதினார்.

"கண்ணுசாமி வீட்ல நேத்து விதை ஊறப் போட்டிருக்காங்க. பேத்தி இப்பதான் நடக்கப் பழகுறா. அங்க போறேன்" என்றார்.

மதிவாணன் எழுந்து சட்டையை மாட்டினார். நானும் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் நாற்றங்கால் தண்ணீரில் வானம் கிடந்தது. தரை எது என்று தெரியாமல் கால் வைத்தது போலிருந்தது.

"வாங்க நர்ஸம்மா, எனக்கும் ஊசியா?" என்றார் கண்ணுசாமி.

"உங்க தோலுக்குப் போட்டா ஊசிதான் வளையும்."

சிரித்துக்கொண்டிருந்தவரிடம் மதிவாணன் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி: "மாமா, புள்ள வாய்க்கால்ல போகல. வானதி கேட்டைத் திறக்கவும் இல்ல. நான் வச்ச விதைத் தொட்டில போனான். உங்க தொட்டிய மூடுங்க."

கண்ணுசாமியின் சிரிப்பு நின்றது. பழைய கதவுப் பலகை ஒன்றை இழுத்து வந்தார். இருவரும் சேர்ந்து வீட்டோரமிருந்த தொட்டியின் மேல் போட்டு, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றினார்கள்.

துக்கக்காரர்கள் பிறர் வீட்டு வாசல் ஏறுவதில்லை. நான் தெருவிலேயே நின்றேன். கண்ணுசாமியின் மனைவி ரெங்கம்மாள் பேத்தியை இடுப்பில் வைத்தபடி வந்து என் கையைப் பிடித்தார்.

"வெயில்ல ஏன்டி நிக்கிற? உள்ள வந்து உக்காரு."