தொண்ணூற்றெட்டு வாங்கிய டயர்க்காரன்

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், காற்றடிப்பது. டயர் கடை வைத்திருந்தேன். பஞ்சர் ஒட்டுவேன், மீட்டரைப் பார்ப்பேன், முள் குறைவாகக் காட்டினால் இன்னும் கொஞ்சம் அடிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. லாரிக்காரர்கள் என்னை "காத்து" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கெல்லாம் காற்றடித்த அந்தக் காத்துக்குத்தான் கடைசியில் மூச்சு முட்டியது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். என் மச்சினன் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டான்.

ரப்பர் புகை பாதி, சிகரெட் புகை பாதி என்று நுரையீரலைக் கெடுத்து வைத்திருந்தேன். வீட்டில் வைத்துக்கொள்ள டாக்டர் ஒரு ஆக்ஸிஜன் மெஷின் எழுதிக் கொடுத்தார். கட்டில் பக்கத்தில் ஓயாமல் உறுமும் ஒரு பெட்டி, மூக்குக்கு ஒரு குழாய், காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கூடவே, ரத்தத்தில் ஆக்ஸிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்க ஒரு கிளிப்.

"தொண்ணூறை ஒட்டி இருந்தா போதும். நீங்களா திருகைக் கூட்டாதீங்க," என்றார் டாக்டர். நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் எண்பத்தொன்பது. எனக்கு மானமே போய்விட்டது. குறைவாகக் காட்டும் டயரோடு ஒரு வண்டியையாவது நான் கடையை விட்டு அனுப்பியிருப்பேனா? திருகைக் கொஞ்சம் கூட்டினேன். தொண்ணூற்று மூன்று. இன்னும் கொஞ்சம். தொண்ணூற்றெட்டு! பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க்கையே கண்ணால் பார்க்காதவனுக்குத் தலை கால் புரியவில்லை. மச்சினனுக்கு போன் போட்டு, "உனக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். அவனிடம் கிளிப்பே இல்லையாம். அதிலும் எனக்கு ஒரு திருப்தி.

அதற்கப்புறம் காலையில் எழுந்தால் தலைவலி. மெஷின் சத்தம் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் தூக்கம், பேச்சு நடுவில் தூக்கம். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். திருகை மட்டும் நினைக்கவே இல்லை. கிளிப்தான் தொண்ணூற்றெட்டு காட்டுகிறதே!

ஒருநாள் காலை, கட்டில்மேல் ஈரத் துண்டைப் போட்டதற்காக என் மனைவி திட்ட ஆரம்பித்தாள். பாதியிலேயே நான் தூங்கிவிட்டேன். அவள் அலறி அடித்துக்கொண்டு வண்டி பிடித்தாள்.

"நான் திட்டி இந்த மனுஷன் ஒருநாளும் சும்மா இருந்ததில்ல டாக்டர். ஒண்ணுக்கு ரெண்டா திருப்பிக் குடுப்பாரு. இன்னைக்கு வாயே திறக்கல," என்று ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. நான் கிளிப் மாட்டிய விரலைத் தூக்கி டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. லேப் பெண்ணைக் கூப்பிட்டார்.

அவள் என் மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து ஊசியை இறக்கினாள். "இதெல்லாம் ஒரு வலியா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஐயோ அம்மா" என்று வந்தது. யாரும் இழுக்காமலே ரத்தம் சிரிஞ்சுக்குள் தானாக ஏறியது. உள்ளே இருந்த ஒரு சின்னக் குமிழியைச் சுண்டி வெளியேற்றி உடனே மூடினாள்.

"அது ஏம்மா?" என்றாள் என் மனைவி.

"இந்த ரூம் காத்து ரத்தத்துல கலந்தா அளவு தப்பா காட்டிரும்மா. ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே ஓடினாள். காற்றே வேண்டாம் என்று சொல்லும் தொழிலை நான் அன்றுதான் பார்த்தேன்.

ரத்தத்தைச் சோதித்த சீட்டு வந்தது. டாக்டர் என் மனைவியிடம் சொன்னார்: "ஆக்ஸிஜன் தேவைக்கு மேலயே இருக்கு. ஆனா நாப்பது பக்கம் இருக்க வேண்டிய கரியமில வாயு எழுபத்தெட்டு இருக்கு. ரத்தத்துல அமிலமும் ஏறிடுச்சு."

"கிளிப்பு நல்லாத்தானே காட்டுச்சு?"

"அதுக்கு ஆக்ஸிஜனை மட்டும்தாம்மா தெரியும். வெளிய போகாம தங்குறது அதுக்குத் தெரியாது. இவர் நுரையீரலுக்கு ஆக்ஸிஜனை அளவுக்கு மீறிக் குடுத்தா, கரியமில வாயு ரத்தத்துலயே தேங்கிரும். அதான் இந்தத் தூக்கம். திருகை யாரு கூட்டினது?"

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். டயருக்கு உள்ளே போனால் போதும். வெளியே வந்தால் அதற்குப் பெயர் பஞ்சர். நுரையீரலையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். உள்ளே போனது திரும்பி வர வேண்டும் என்பது இத்தனை வருஷம் மூச்சுவிட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

"மூச்சை உள்ள தள்ளி வெளிய விட வைக்கிற மாஸ்க் ஒண்ணு இருக்கு, வெச்சுப் பார்ப்போம். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம். கரியமில வாயு இறங்கலன்னா தொண்டையில குழாய் போடணும். போட்டா, திரும்ப எடுக்கிறது இவருக்குக் கஷ்டம்மா," என்றார் டாக்டர். பயந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பயந்தேன். அவள் கையைப் பிடிக்கலாம் என்றால் கை எனக்குக் கட்டுப்படவில்லை.

முகத்தை இறுக்கிப் பிடித்த மாஸ்க் காற்றைத் தள்ளியது, விட்டது, மறுபடி தள்ளியது. எவ்வளவு நேரம் போனதோ. லேப் பெண் வந்து இன்னொரு முறை குத்தி எடுத்துக்கொண்டு போனாள். அவள் திரும்பி வருவதற்குள் என் மனைவி என் காதருகே குனிந்து திட்ட ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கொடியில எங்க இடம் இருக்கு? உன் துணிதான் பூராவும் தொங்குது," என்றேன் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"எதிர்த்துப் பேசுறாரு! டாக்டர், எதிர்த்துப் பேசுறாரு!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். லேப் பெண் சீட்டோடு வந்து, "அறுபதுக்கு இறங்கிருச்சும்மா," என்றாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் என் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு.

இப்போது டாக்டர் வைத்த அளவில் திருகு நிற்கிறது. அதன்மேல் என் கடையின் பழைய ட்யூபை வெட்டிச் சுற்றி, என் மனைவி முடிச்சுப் போட்டிருக்கிறாள். நான் போட்ட முடிச்சாக இருந்தால் இதற்குள் அவிழ்ந்திருக்கும். கிளிப் தொண்ணூறு காட்டுகிறது. எனக்கு வருத்தம்தான், ஆனால் வாயைத் திறப்பதில்லை.

காலையில் நான் கண் விழித்ததும் ஏதாவது ஒரு சாக்கு வைத்து என்னைத் திட்டுகிறாள். சாக்கு கிடைக்காத நாளில் துண்டை அவளே கட்டிலில் போட்டுவிட்டுத் திட்டுகிறாள். நான் பதிலுக்கு ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறாள்.