ரெண்டு மணி பஸ்

ஜவ்வாது மலையில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வருவார் அவர். ஒடிசலான உடம்பு, காதோரம் மட்டும் நரை. ஊசி போடும்போதெல்லாம் டவுன் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிப்போர்ட்டை முழங்காலில் விரித்து வைத்திருப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று அதில் இருந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதுல இன்னா போட்டுருக்குதுங்க?" என்பார்.

"ரெண்டு மணி பஸ் போயிடும், கிளம்புங்க" என்பேன். அதை விட்டால் அவர் ஊருக்கு மறுநாள்தான் பஸ். அவரும் எழுந்து போய்விடுவார். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒருநாள் ஊசி போட்ட பிறகும் அவர் எழவில்லை. வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் போனது.

"பஸ்ஸ வுட்டுட்டேங்க. இப்ப நேரம் இருக்குது, சொல்லுங்க."

"டாக்டர் நாளைக்கு வருவாரு, அவரையே கேளுங்க."

"நீங்க இன்னிக்கு இருக்கீங்களே."

மருந்து அறையில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. டூட்டி முடிந்ததும் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன். ரிப்போர்ட்டை மடிக்காமல் அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை.