பெர்மெஸ்ஸோ கேட்காத காசினோ

போன சனிக்கிழமை பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்... "அக்கா, நான் வெண்டிட்டன்!"

குகன். எங்கள் கீழ்வீட்டுக்காரர். ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இந்த ஊர் வீட்டுக்கார அம்மாவின், வீட்டில் சமையல் வேலை. பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஆவணியில் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறார். விசா கிடைத்துவிட்டது. டிக்கெட் காசும் சேர்ந்துவிட்டது.

நீட்டிய போனில் ஓர் ஓன்லைன் காசினோ. அவர் பெயருக்கு நேரே பெரியதொரு தொகை, சுற்றிலும் வாணவேடிக்கை.

"இதை நம்பலாமோ?"

"நல்ல சனம் அக்கா! பெர்மெஸ்ஸோ கேக்கேல்லை, வரி நம்பர் கேக்கேல்லை. இந்த நாட்டிலை என்னட்டைப் பேப்பர் கேக்காத ஒரே இடம் இதுதான்!"

சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வரிசையில் கால்கடுக்க நின்ற மனிதர். ஒன்றுமே கேட்காமல் "வாங்கோ" என்பவர் அவருக்குச் சொந்தக்காரராகத் தெரியமாட்டாரா? படிவம் இல்லாத கவுன்டரைக் கண்டால் நாமும் ஓடிப்போய் நிற்பவர்கள்தானே!

"சரி, வெண்ட காசு எங்கை?"

"முதல்லை வரி கட்டினாத்தான் விடுவினமாம். டிக்கெட் காசைக் கார்டிலை போட்டுக் கட்டப் போறன். நாளைக்கு எல்லாம் சேத்து எடுப்பன்."

இங்கே லைசென்ஸ் உள்ள தளங்கள் கணக்குத் திறக்கும்போதே வரி எண், அடையாள அட்டை என்று கேட்டு உயிரை எடுக்கும். லைசென்ஸ் எண்ணை முகப்பிலேயே போட்டிருக்கும். கள்ளத் தளமோ உள்ளே விடும்போது வாயே திறக்காது — காசை வெளியே எடுக்கும்போதுதான் கேட்கும். இதையெல்லாம் சொன்னேன். திரையில் காசைக் கண்டவருக்கு விளக்கம் ஏறுமா?

"ஒண்டு செய்யும். வெண்ட காசிலையே வரியைக் கழிச்சிட்டு, மிச்சத்தை அனுப்பச் சொல்லி எழுதும்."

எழுதினார். அதுவரை "அன்பு நண்பரே" என்று உடனுக்குடன் பதில் போட்ட ஹெல்ப் டெஸ்க்... மௌனம். கடைக்காரர் கத்தரிக்காயை நிறுத்துக் கட்டியும் தந்துவிட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் குகனின் கணக்கே திறக்க மறுத்தது.

முகம் செத்துவிட்டது அவருக்கு. "கட்டியிருந்தா, அவவுக்கு நான் என்னத்தைச் சொல்லியிருப்பன் அக்கா?"

கையோடு வியா மக்வேதா தெருவில் இருக்கும் டிராவல் ஏஜென்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனைவியின் பெயர் போட்ட டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. குகன் அதை இரண்டு தரம் வாசித்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வெளியே வந்ததும் மெல்லக் கேட்டார்: "அக்கா... அப்ப அந்த லைசென்ஸ் உள்ள நல்ல காசினோ எது?"

"இருக்கு குகன். அதிலை உம்மடை காசு சட்டப்படி போகும்."